பேராக்கின் பனிக்காலப் பறவைகளும் அவற்றைக் கண்டவர்களும்

மலாயாவின் பறவைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த பெருநூல், கூட்டு மலாய் மாநிலங்களின் அருங்காட்சிச்சாலைகளுக்கு இயக்குநராக இருந்த ஹெர்பர்ட் ராபின்சன் என்பவரால் தொடங்கப்பெற்று, 1927 முதல் 1976 வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலத்தில், ஐந்து பாகங்களாக வெளிவந்தது. அந்நூலைக் கையில் எடுப்பவர், உள்ளே இருக்கும் வர்ணப் படங்களில் மனத்தைப் பறிகொடுக்குமுன், பாகங்களின் தலைப்புகளைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்ப்பது நலம். முதற்பாகம் சாதாரணமாகக் கண்ணிற்படும் பறவைகளுக்கு உரியது. 1928-ல் வந்த இரண்டாம் பாகம் மலைவாச ஸ்தலங்களின் பறவைகளுக்கு உரியது. ராபின்சன் காலமான பிறகு பிரடெரிக் சேசன் பூர்த்தி செய்து 1936-ல் வெளியிட்ட மூன்றாம் பாகம் வேட்டைப் பறவைகளுக்கும், கடற்கரை கழிமுகங்களின் பறவைகளுக்கும் உரியது. தாழ்நிலக் காட்டுக்கும் புதருக்கும் உரியவை 1939-ல், நான்காம் பாகத்தில்தான் இடம் பெற்றன. பறவைகளைக் குலம், குடும்பம், இனம் என்று வகுத்துச் செல்வதே சாஸ்திர நூல்களின் வழக்கமாக இருக்க, இந்நூலோ ஓர் ஆங்கிலேய உத்தியோகஸ்தர் தம் பங்களாத் தோட்டத்தில் எவற்றைக் காண்பார், விடுமுறைக்கு மலையேறினால் எவற்றைக் காண்பார், துப்பாக்கியோடு சேற்றில் இறங்கினால் எவற்றைக் காண்பார் என்ற வரிசையிலே அமைந்திருக்கிறது.

வாசகரின் சௌகரியத்தைக் கருதிச் செய்த ஏற்பாடு அது. அதனைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில், நூலாசிரியர் சொல்ல எண்ணாத ஓர் உண்மையும் வெளிப்பட்டு நிற்கிறது. பறவை எங்கே இருந்தது என்பதைக் காட்டிலும் பார்த்தவர் எங்கே இருந்தார் என்பதையே பழைய பதிவுகள் நமக்கு நிச்சயமாகத் தெரிவிக்கின்றன. அபூர்வம் என்று அவற்றில் குறிக்கப்பெற்ற பறவைகளுள் பல, எழுதத் தெரிந்த ஒருவர் எட்டிப்பார்க்காத இடத்தில் வாழ்ந்த காரணத்தாலேயே அபூர்வமாயின. பேராக் மாநிலத்திலே, அதிலும் விசேஷமாக ஈப்போ நகரைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கிலே, பனிக்காலத்தில் வந்து தங்கும் பறவைகளை மனிதர் அறிந்துகொண்ட சரித்திரம் இதற்கு நல்ல உதாரணமாகும்.

பேராக்கில் பனிக்காலம் ஏது என்று கேட்கலாம். வெயிலும் மழையும் மாறி மாறி வருவதன்றி வேறு பருவம் அறியாத நாடு அது. மார்கழியிலும் ஈப்போவின் பகற்பொழுது வியர்வை சிந்தவே செய்யும். என்றாலும் சைபீரியாவிலும் மஞ்சூரியாவிலும் ஜப்பானிலும் உறைபனி இறங்குமுன், அதனின்றும் தப்பிப் புறப்பட்ட பறவைகள் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே தீபகற்பத்தின் வழியே தெற்கு நோக்கி வரத் தொடங்கி, மார்ச்சு, ஏப்ரல் வரையில் இங்கே தங்கிவிடுகின்றன. அதே காலத்தில், பிரேசில் நாட்டிலிருந்து வந்து குடியேறிய ரப்பர் மரமும் தன் இலைகளைச் செந்நிறமாக்கி உதிர்த்துவிட்டு, தை மாசி மாதங்களிலே சில வாரங்கள் மொட்டையாக நிற்கிறது. அப்போது தோட்டத்துக்குள்ளே வானம் தெரியும். மற்றக் காலங்களில் இலைக்கூட்டத்தில் மறைந்து குரலாக மட்டும் இருக்கும் சிறு பறவை, கிளையின் நுனியிலே உருவத்தோடு தென்படும். பேராக்கின் பனிக்காலம் இந்த இரண்டாலும் ஆனது.

பறவைகளைக் கவனித்து எழுதும் வழக்கம் இம்மாநிலத்துக்குப் படையோடு வந்தது என்று சொல்லலாம். 1874-ல் பங்கோர் உடன்படிக்கை, 1875-ல் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான பெர்ச்சு பாசிர் சாலாக்கில் கொலையுண்டார், அதையடுத்து யுத்தம். அமைதி திரும்பிய பின்னும் பட்டாளங்கள் சில காலம் இங்கே நிறுத்தப்பட்டிருந்தன. 74-ஆம் ஹைலாண்டர் படையைச் சேர்ந்த கெல்ஹாம் என்ற இளம் அதிகாரி, அக்காலத்தில் மலாய் மாநிலங்களிலும் நீரிணைக் குடியேற்றங்களிலும் தாம் கண்ட பறவைகளைப் பற்றி எழுதிய குறிப்புகள், லண்டனிலிருந்து வெளிவரும் ‘ஐபிஸ்’ என்ற பட்சி சாஸ்திரப் பத்திரிகையில் 1881 முதல் 1883 வரை தொடர்ந்து பிரசுரமாயின. படைவீரர் என்ற முறையில் அவருக்குத் துப்பாக்கியும் இருந்தது, பொழுதும் இருந்தது. இரண்டும் இருந்தவருக்கு அந்நாளில் முதலில் கண்ணிற்பட்டது உள்ளான் குருவிதான்.

உள்ளானைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் துரைமார்களுக்குப் பனிக்காலம் என்றாலே உள்ளான் காலந்தான். செப்டம்பரில் வந்து, நெல்வயல்களின் சேற்றிலே நீண்ட அலகைச் செலுத்திப் புழு தேடி, ஆள் நெருங்கியதும் காலடியிலிருந்து வெடித்தாற்போல் எழுந்து கோணல்மாணலாகப் பறக்கும் இப்பறவையைச் சுட்டு வீழ்த்துவது அக்காலத்து விளையாட்டுகளிலே மிக்க கௌரவம் பெற்றிருந்தது. கிரியான் வட்டாரத்தில் 1906-ல் நீர்ப்பாசனத் திட்டம் முடிவுற்று, சதுப்பு நிலம் பரந்த நெல்வயலாக மாறியபோது, உள்ளானுக்கும் வேட்டைக்காரருக்கும் ஒருங்கே நல்ல காலம் பிறந்தது. இங்கு வரும் உள்ளானில் சாதாரண உள்ளான், ஊசிவால் உள்ளான், சுவின்ஹோ உள்ளான் என்று மூன்று ஜாதி உண்டு. மூன்றும் உருவத்திலும் நிறத்திலும் ஏறக்குறைய ஒன்றே. பறக்கையில் இன்னது என்று சொல்வது இன்றைய நிபுணருக்கும் சிரமம். ஆனால் சுடப்பட்ட பறவையின் வாலை விரித்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. சாதாரண உள்ளானுக்குப் பதினான்கு இறகுகள் அளவில் இருக்கும். ஊசிவால் உள்ளானுக்கு இருபத்தைந்துக்கு முன்பின்னாக இருப்பதோடு, ஓரத்து இறகுகள் குண்டூசிபோல் மெலிந்து காணும். மூன்றாவது ஜாதி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே துப்பாக்கி ஏந்திய தோட்டத் துரை ஒருவர், சாஸ்திர ஞானம் சிறிதும் இல்லாதவராயினும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தூரதர்சினி ஏந்திய பண்டிதரை வென்றுவிடுவார். மலாயாவின் பனிக்கால விருந்தாளிகளில் உள்ளானைப் பற்றித் தெளிவான பழங்குறிப்புகள் மிகுந்திருப்பதற்கும், உண்ணத் தகாத சிறு கதிர்க்குருவிகளைப் பற்றி அவை அருகியிருப்பதற்கும் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

பேராக் அருங்காட்சிச்சாலை 1883-ல் தைப்பிங்கில் தொடங்கப்பெற்றது. இன்றைய மலேசியாவின் அருங்காட்சிச்சாலைகளுள் அதுவே மூத்தது. அதனை நிறுவிய சர் ஹியூ லோ, 1877 முதல் 1889 வரை ரெசிடெண்டாக இருந்தவர்; போர்னியோவின் செடிகொடிகளை ஆராய்ந்து பேர் பெற்றவர்; 1877-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்பது ரப்பர் கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டவரும் அவரே. அருங்காட்சிச்சாலையின் முதல் பொறுப்பாளரான லியனார்டு ரே, தைப்பிங்கின் முதுகுப்புறத்தில் எழும் லாருட் மலைகளிலும், இன்னும் உயர்ந்த பத்து பூத்தே மலையிலும் ஆட்களை வைத்துப் பறவைகளைச் சேகரித்து, பாடம் செய்த தோல்களை லண்டனுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் மியூசியத்தின் ரிச்சர்டு பௌட்லர் ஷார்ப் 1886 முதற்கொண்டு அவற்றை விவரித்து எழுதியபோது, கருந்தொண்டைத் தேன்சிட்டின் இவ்வூர் வகை உட்படச் சில பறவைகளுக்கு ரேயின் பெயரே வழங்கலாயிற்று. 1899-ல் ஆர்தர் லென்னாக்ஸ் பட்லர் லாருட் மலைப் பறவைகளைப் பற்றித் தனியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

இப்படி மலை ஆராயப்பட்டது. மலையின் பறவைகள் புதியன, பெயரிடப்படாதன. மேலே பங்களாவும் குளிர்ந்த காற்றும் இருந்தன. கீழே அருங்காட்சிச்சாலை இருந்தது. அதே ஆண்டுகளில் கிந்தாப் பள்ளத்தாக்கிலே ஈயத்துக்காக மண்ணைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். உலகத்திலேயே செழுமை மிக்க ஈயவயல் என்று பேர் எடுத்த அந்தச் சமவெளிக்கு வணிகரும் கூலிகளும் எந்திரங்களும் வந்தனவேயன்றிப் பறவை தேடி வந்தவர் அரியர். ஆகவே பேராக்கின் உச்சியில் வாழும் பறவை எது என்று லண்டனுக்குத் தெரிந்திருந்த காலத்தில், ஈப்போவின் குட்டைகளில் பனிக்காலத்திலே என்ன இறங்குகிறது என்பது ஈப்போவில் இருந்தவருக்கே சரியாகத் தெரியாது.

இந்த இடத்தில் ரப்பர்த் தோட்டத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முதற் பதிற்றாண்டில் ரப்பரின் விலை ஏறவே, சுங்கை சிப்புட் முதல் தெலுக் ஆன்சன் வரையில் காடு அழிந்து கித்தாத் தோட்டம் எழுந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம்மவர் கங்காணிகளின் பின்னே வந்து லயங்களில் குடியமர்ந்தனர். பொழுது விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, விளக்கைத் தலையிலே கட்டிக்கொண்டு, கத்தியும் வாளியுமாகத் தம் தம் நிரைக்குச் செல்லும் பால்மரத் தொழிலாளர், பட்சி சாஸ்திரிகள் விரும்பித் தேடும் அந்த வைகறை நாழிகையில், வருஷத்தில் பெரும்பாலான நாட்களும் மரத்தடியிலேயே இருந்தவர்கள். தமிழ்நாட்டில் ஆறுமணிக் குருவி என்று சொல்லப்படும் பறவையின் நெருங்கிய உறவான நீலச்சிறகு ஆறுமணிக் குருவி, இரவிலே பிரயாணம் செய்து, அக்டோபர், நவம்பர் மாதங்களில் தோட்டங்களிலும் இறங்கிச் சருகுகளிடையே குதித்து நடக்கும். வெளிச்சத்தால் மயங்கிக் கட்டடச் சுவரில் மோதி விழுவதும் உண்டு. வேலியோரத்தில் வரிக்கீச்சானும், இலைநுனியில் பழுப்பு ஈப்பிடிப்பானும், ஓடைக்கரையில் வாலாட்டியும் அவர்கள் கண்ணுக்கு நித்தியக் காட்சிகள். ஆனால் தோட்டத்து அலுவலகத்திலே கிராணி எழுதிய பேரேடு பாலின் எடையையும், செக்ரோல் ஆள் வந்த நாளையுமே குறித்தன. பறவை எழுதப்பட வேண்டுமானால் தோட்டத்தின் துரைக்கு அதில் நாட்டம் இருக்கவேண்டும்.

அந்த நாட்டம் உடையவர் ஒருவர் பேராக்கிலே இருந்தார். ரப்பர்ப் பயிரைப் பற்றி நெடுநாள் பிரமாணமாக விளங்கிய கைந்நூலை இயற்றிய ஏ. டி. எட்கர் என்ற தோட்டத் துரை, 1930-களில் பேராக்கின் தாழ்நிலத்துப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி எழுதிய குறிப்புகள், சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சிச்சாலையின் ஏட்டிலே வெளிவந்தன. மலைக்குப் போகாமல், தாம் சம்பளம் வாங்கிய நிலத்திலேயே தினந்தோறும் கண்டதை எழுதிய முதல் ஆசாமிகளுள் ஒருவர் என்று அவரை நான் மதிக்கிறேன். கூடு கட்டும் பறவை இவ்வூர்ப் பறவை; வந்துபோகும் பறவை கூடு கட்டுவதில்லை. ஆகையால் எது குடியிருப்பது, எது விருந்தாளி என்ற அடிப்படையான கேள்விக்கு விடை காண்பதற்கு, முட்டை தேடும் பழக்கம், இன்று நமக்கு எவ்வளவு அருவருப்பாகத் தோன்றினும், அக்காலத்தில் பெருந்துணையாயிற்று.

1940-ல் மலாயா இயற்கைக் கழகம் தோன்றியது. அதற்கென ஒரு சஞ்சிகையும் தோன்றியது. மறு ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வடக்கே இறங்கினர். ஆண்டு முடிவதற்குள் ஈப்போ அவர்கள் வசமாயிற்று. கம்பாரில் நடந்த போரும் அவர்களை நாலு நாளுக்கு மேல் தடுக்கவில்லை. ராபின்சனின் நூலை முடித்துவைக்க முயன்ற சேசன், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து தப்பிச் சென்ற கப்பல் மூழ்கியதில் உயிர் துறந்தார். போலீஸ் அதிகாரியான கை மேடாக், சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தபோது, நினைவிலிருந்தும் உடனிருந்தோர் உதவியாலும், மலாயாப் பறவைகளுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். யுத்தம் முடிந்தபின் 1947-ல் இயற்கைக் கழகம் அதனைப் பிரசுரித்தது. தோலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய முன்னோர்களைப்போல் அல்லாமல், பறவை உயிரோடு இருக்கையில் எப்படி நிற்கும், எப்படிப் பறக்கும், எப்படிக் கத்தும் என்ற நினைவைக் கொண்டே எழுத நேர்ந்ததால், சிறையில் பிறந்த அந்நூல் சாமானிய வாசகருக்குப் பெரிய ஆசிரியர்களின் நூல்களைக் காட்டிலும் உபகாரமாக அமைந்தது.

மேடாக்கின் பெயர் ஈப்போவுக்கு வேறொரு வகையிலும் அறிமுகம் ஆகவேண்டியது. சுண்ணாம்புக் குன்றுகளின் செங்குத்தான பாறைமுகத்தில் வாழும் நீலப் பாறைப் பூங்குருவியின் தீபகற்ப வகைக்கு, சேசன் 1940-ல் மேடாக்கின் பெயரையே இட்டார். ஈப்போவைச் சுற்றிச் சமவெளியிலே திடீர் திடீரென்று எழுந்து நிற்கும் அக்குன்றுகளைக் கோயில்களாலும் குகைகளாலும் யாவரும் அறிவர். கல்லுமலை முருகனைத் தரிசிக்கப் போகிறவர் அண்ணாந்து பார்த்தால் இப்பூங்குருவி கண்ணிற்படக்கூடும். உள்ளூர்ச் சேவல் உடல் சிறுத்து முழுநீலமாக இருக்கும். பனிக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் வகையின் சேவலுக்கு மேலே நீலமும் வயிற்றிலே செங்காவி நிறமும். அது குன்றோடு நில்லாமல் நகரத்துக் கட்டட உச்சியிலும் அமர்ந்துகொள்ளும். இமயத்துப் பக்கத்திலிருந்து வரும் மூன்றாவது வகை உள்ளூர்ச் சேவலைப்போலவே முழுநீலமாயினும் உடலிற் பெரிது. இதே பாறைகளின் பொரிவல்லூறும் அப்படித்தான்: இங்கே குடியிருப்பது தலை முழுவதும் கறுத்து, மார்பு நெருங்கிய வரிகளால் இருண்டிருக்க, வடதுருவப் பக்கத்திலிருந்து வருவது வெளுத்த மார்பும் கன்னத்திலே ஒடுங்கிய மீசைக்கோடும் உடையது. அபூர்வப் பறவையை அறிவதென்பது பெரும்பாலும் இப்படி, தினமும் காணும் பறவையை நுணுக்கமாக அறிந்து வைத்திருப்பதையே பொறுத்தது.

கீச்சானிலும் இதுவே நிலை. தமிழ்நாட்டுக்கும் பனிக்காலத்தில் வருகிற பழுப்புக் கீச்சான், கிந்தாவின் புல்வெளிகளில் முள்ளுச்செடியின் உச்சியோ வேலிக்கம்போ தனக்கென்று பிடித்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பக்கூடியது. அவற்றிடையே உச்சந்தலை செம்பழுப்பு மிக்கு, நெற்றியில் அகன்ற வெண்மை உடையது ஒன்று இருந்தால் அது ஜப்பானின் பக்கத்திலிருந்து வந்தது. தலை சாம்பல் நிறமாக இருந்தால், சீனத்துக் கடற்கரையிலும் கொரியாவிலும் பிறந்து பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் போகும் வகையைச் சேர்ந்தது. தீபகற்பத்தில் அதைக் காண்பது அரிது.

யுத்தத்துக்குப் பின் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம், பேராக்கின் காட்டோரங்களையும் தோட்டங்களையும் முட்கம்பிக்குள் அடைத்தது. பறவை பார்ப்பதற்கென்று தனியே ஒருவர் திரியக்கூடிய காலம் அன்று. அமைதி வந்தபின் 1963-ல், அமெரிக்க இராணுவத்தின் பொருளுதவியோடு எலியட் மக்கிளூர் என்ற ஆராய்ச்சியாளர் ஆசிய நாடுகள் பலவற்றில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடும் பெருமுயற்சியைத் தொடங்கினார். பறவைகளோடு நோய்களும் பிரயாணம் செய்கின்றனவா என்று அறிவதே அதன் பிரதான நோக்கம். 1971-ல் அது முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான பறவைகள் வளையம் பூண்டன. தித்திவங்சா மலைத்தொடரில் பகாங் எல்லையிலுள்ள பிரேசர் மலையில், மூடுபனி இரவுகளில் விளக்கொளியை நாடி வந்து வலையில் விழுந்தவற்றைக் கண்டபோதுதான், பகலில் ஒருவர் கண்ணிலும் படாத எத்தனையோ ஜாதிகள் தலைக்குமேல் ஆண்டுதோறும் கடந்து போகின்றன என்பது தெரியவந்தது. சிறுநகரங்களின் தெருக்கம்பிகளில் அந்திதோறும் ஆயிரக்கணக்கில் வந்தமரும் தகைவிலான் குருவிகளும் ஆராயப்பட்டன. அவற்றைப் பற்றி லார்டு மெட்வே எழுதிய கட்டுரை 1973-ல் ஐபிஸ் பத்திரிகையில் வந்தது. கடைக்காரருக்கு எச்சத் தொல்லையாக மட்டும் இருந்த பறவை அவ்வாறு சாஸ்திரத்துக்குள் பிரவேசித்தது. ராபின்சனின் நூலுக்கு ஐந்தாம் பாகத்தை 1976-ல் எழுதி முடித்தவர்கள் அதே மெட்வேயும் டேவிட் வெல்ஸும் ஆவர். அதற்கு முந்திய ஆண்டில் பென் கிங்கும் கூட்டாளிகளும் தென்கிழக்காசியப் பறவைகளுக்கு வெளியிட்ட கையடக்கமான வழிகாட்டி, சட்டைப் பைக்குள் அடங்காவிட்டாலும் தோட்பைக்குள் அடங்கியது. துப்பாக்கியின் அதிகாரம் அதனோடு முடிந்தது எனலாம்.

இதற்கிடையே கிந்தாவின் சமவெளி தன் சாயலை மாற்றிக்கொண்டிருந்தது. 1913 வாக்கில் பத்து காஜாவில் முதல் ஈயக்கப்பல் வேலை தொடங்கிற்று. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்து, முன்னே மண்ணைக் கரண்டிகளால் அள்ளி, ஈயத்தைப் பிரித்துக்கொண்டு, பின்னே மணலைக் கொட்டிச் செல்லும் அந்தப் பிரம்மாண்டமான எந்திரங்களில் ஒன்று, 1938-ல் கட்டப்பட்டது, தஞ்சோங் துவாலாங் அருகே இன்றும் காட்சிப்பொருளாக நிற்கிறது. கப்பல்களும் சீனரின் குழாய்ச் சுரங்கங்களும் முக்கால் நூற்றாண்டு தோண்டியதில் பள்ளத்தாக்கெங்கும் குட்டைகளும் வெண்மணல் திடல்களும் மிஞ்சின. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை இடிந்து விழுந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மனிதர் கைவிட்ட குட்டைகளின் ஓரத்தில் கோரையும் புதரும் வளர்ந்தன, மீன் பெருகிற்று, பத்து காஜாவுக்கு அருகில் கிந்தா இயற்கைப் பூங்கா என்று இப்போது சொல்லப்படும் பிரதேசத்தில் செந்நாரையும் சாம்பல் நாரையும் இராக்கொக்கும் கூட்டமாகக் கூடு கட்டின. பனிக்காலத்தில் விராலடிப்பான் குட்டைகளின்மேல் வட்டமிட, மாலிம் நாவார் மீன்வளர்ப்புக் குளங்களில் உள்ளூர்ச் சீழ்க்கைச் சிறகிகளோடு வடக்கிலிருந்து வந்த நீலச்சிறகிகளும் மிதந்தன. மலைக்காட்டுப் புகழ் பெற்ற பேராக்கில், மண்ணை நாசப்படுத்திய இடமே பறவை பார்ப்போரின் க்ஷேத்திரமாயிற்று என்பது விசித்திரமே. ஆனால் ஓர் எச்சரிக்கை: அங்கே திடீரென்று நீண்டுவிட்ட பட்டியல் முழுவதும் புதிதாக வந்த பறவைகளுடையது என்று கொள்வதற்கில்லை. சுரங்கம் நடந்தபோது வேலியும் காவலும் இருந்தன. அவை போனபின்புதான் ஈப்போவின் ஆசிரியரும் மருத்துவரும் கடைக்காரரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் நிற்க முடிந்தது.

அபூர்வம் என்ற முத்திரை நிலையானதன்று என்பதற்குக் குயிலைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. தமிழருக்கு ஊர்க்குருவியைப்போல் நெருங்கிய குயில், மலாயாவின் பழைய நூல்களில் பனிக்கால விருந்தாளியாகவே குறிக்கப்படுகிறது. குயில் முட்டையிடக் காகம் வேண்டும். தீபகற்பத்திலோ முன்பு நம் வீட்டுக் காகம் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்கென்று கிள்ளான் பகுதிக்கு இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். காப்பி அழிந்தது, காகம் தங்கியது; பல பதிற்றாண்டுகள் கழித்து அது ஊர்தோறும் பெருகியபோது, வந்துபோகும் குயில்களிடையே தங்கி முட்டையிடும் குயில்களும் உண்டாயின. இன்று ஈப்போவின் புந்தோங்கில் விடியற்காலையில் குயில் கூவுவதைக் கேட்டு ஒருவரும் குறிப்பேட்டை எடுப்பதில்லை. கூகையின் கதையும் ஏறக்குறைய இதுவே. அரிதினும் அரிதாக இருந்த அது, ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்த தோட்டங்களில் எலி மிகுந்ததால் 1960-களின் பிற்பகுதியிலிருந்து பரவி, இப்போது தோட்டக்காரர்கள் பெட்டி வைத்து வளர்க்கும் பறவையாகிவிட்டது.

எதிர்த்திசையில் போனவையும் உண்டு. வடக்கத்தி நெல்வயல்களுக்குப் பனிக்காலத்தில் கூட்டங்கூட்டமாக வந்துகொண்டிருந்த மஞ்சள் மார்புத் தினைக்குருவி, வலசைப் பாதையிலே சீனத்தில் உணவுக்காக வலைவீசிப் பிடிக்கப்பட்டதால் ஒரே தலைமுறைக்குள் அழிவின் விளிம்புக்கு வந்து, 2017-ல் மிகக் கடுமையான அபாயத்தில் இருப்பவற்றின் வரிசையில் சேர்க்கப்பட்டது. மாத்தாங் சதுப்புக் காட்டை ஒட்டிய கோலா குலாவில் 1984-ல் நூற்றுக்குமேல் எண்ணப்பட்ட பால்நாரை, 2005-க்குள் பத்துக்கும் கீழே இறங்கியது. அது வலசை வருவதன்று, அவ்விடத்துக் குடியே. இவற்றின் அபூர்வம் பார்ப்பார் இல்லாமையால் விளைந்ததன்று. ஆனால் அதை நாம் நிச்சயமாகச் சொல்ல முடிவது, அவை மலிந்திருந்த காலத்திலேயே யாரோ ஒருவர் அவற்றை எண்ணி எழுதிவைத்த காரணத்தால்தான். புதுமையை மட்டும் எழுதி வழக்கமானதை விட்டுவிடும் குறிப்பேடு இந்த வித்தியாசத்தைக் காட்டாது. தோட்டங்களைப் பொறுத்தமட்டில் நமக்கு நேர்ந்த நஷ்டம் இதுவே: கித்தா நிரைகளில் பனிக்காலந்தோறும் எத்தனை கீச்சானும் ஈப்பிடிப்பானும் தங்கின என்ற கணக்கு எழுதப்படாமலே மரம் வெட்டப்பட்டது, லயங்கள் காலியாயின, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் நகரத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர்.

1987 முதல் ஆசிய நாடுகள் பலவற்றில் ஜனவரி மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பேராக்கின் கடற்கரையிலும் குட்டைகளிலும் தொண்டர்கள் அதற்காக நிற்கிறார்கள். அவர்களுக்கு மிகுந்த சங்கடத்தைத் தருவது மடையான் என்றும் குருட்டுக்கொக்கு என்றும் நாம் அழைக்கும் சிறு கொக்குதான். கிந்தாவின் குட்டைகளில் அப்போது நிற்பவற்றுள் பெரும்பான்மை சீனத்து மடையான். ஜாவா மடையானும் கலந்திருக்கும். தஞ்சாவூர் வயல்களில் யாரும் திரும்பிப் பாராத இந்திய மடையான் இங்கே அரிய விருந்தாளி, அதுவும் இருக்கக்கூடும். பனிக்கால உடையில் மூன்றும் கோடிட்ட கழுத்தும் மண்நிற முதுகுமாக ஒன்றேபோல் இருப்பதால், எவ்வளவு தேர்ந்த கண்ணும் அவற்றைப் பிரிக்கத் துணியாது. மார்ச்சுக் கடைசியில் உடை மாறும்போது சீனத்ததற்குத் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பாகி மார்பு கறுக்கிறது. ஜாவாவினதற்குத் தலை வெளிர்மஞ்சளாகி மார்பிலே இலவங்கப்பட்டை நிறம் ஏறுகிறது. இந்தியாவினதற்குத் தலை வெளிறிய பழுப்பாகவே நிற்க, முதுகு மட்டும் கருஞ்சிவப்பு அடைகிறது. அந்தச் சில வாரங்களுக்குள் மறுபடியும் குட்டைக்குப் போனவர் பெயர் சொல்லலாம். கணக்கெடுப்போ ஜனவரியில் முடிந்துவிடுகிறது. ஆகவே ஆண்டுதோறும் இக்கொக்குகளிற் பெரும்பகுதி, இனம் அறியப்படாதவை என்று படிவத்திலே தனியாக விடப்பட்டிருக்கும் வரியில்தான் எழுதப்படுகின்றன.